வேப்பெண்ணெய், செராய், ஏடிஸ் கொசு: எது எவ்வளவு நேரம் தாங்கும்?

பினாங்கு லெபோ பாசாரில் மளிகைச் சாமானையும் பூஜைச் சாமானையும் சேர்த்து விற்கும் கடைகள் பல உண்டு. அங்கே ஊதுபத்திக்குப் பக்கத்து அடுக்கைப் பாருங்கள். வேப்பெண்ணெய் போத்தல், சாம்பிராணிப் பொட்டலம், கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், செராய் எண்ணெய் ஸ்பிரே எல்லாம் வரிசையாக நிற்கும். அப்படி ஒரு கடையில் நான் நின்றிருந்தபோது ஓர் அக்கா வேப்பெண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்து, “அண்ணே, இதைப் பிள்ளை காலில பூசினா ஏடிஸ் கடிக்காதுல்ல?” என்று கேட்டார். அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் இரண்டு பேருக்கு டிங்கி. கடைக்காரர் தயங்கவே இல்லை. “கடிக்காதும்மா. இயற்கைதானே, பிள்ளைக்கும் ஒண்ணும் செய்யாது” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை, நம்பிக்கையோடுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு பதிலில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன. வேலை செய்யும் என்பது ஒன்று, இயற்கை என்பதால் கெடுதல் செய்யாது என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் படித்ததிலிருந்து எனக்குப் பிடிபட்டது இதுதான்: செடிகளுக்குக் கொசுவை எதிர்க்கும் சக்தி உண்மையாகவே இருக்கிறது, ஆனால் அது நிற்கும் நேரம் குறைவு. எந்தக் கொசு, அதன் வாழ்வில் எந்தப் பருவம், எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் கேட்காமல் ஒரு போத்தலை வாங்கினால் வாசனைக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

முதலில் எந்தக் கொசு என்று பார்ப்போம். நம் வீடுகளில் பரம்பரையாக வந்த கொசு வைத்தியம் எல்லாம் இரவுக் கொசுவுக்கு ஏற்பட்டது. விளக்கேற்றியதும் சாம்பிராணி போடுவது, மாட்டுக்கொட்டகையில் வேப்பிலையையும் நொச்சியையும் போட்டுப் புகை மூட்டுவது, படுக்கும்போது கைகாலில் எண்ணெய் தடவுவது என எல்லாமே இருட்டிய பிறகு செய்பவை. மலேரியாவைக் கொண்டுவரும் அனோபிலிஸ், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் போன்றவை இரவில் கடிப்பவை என்பதால் அந்தப் பழக்கம் அவற்றுக்குப் பொருத்தமாக இருந்தது. ரப்பர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிக்கு மலேரியாதான் எமன். டிங்கியைக் கொண்டுவரும் ஏடிஸ் பகலில் கடிப்பது. விடிந்து முதல் ஒன்றிரண்டு மணி நேரமும், சூரியன் மறைவதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு அதிகப் பசி. மாலை ஏழு மணிக்கு விளக்கேற்றிச் சாம்பிராணி போடும்போது அது அன்றைய வேலையில் பெரும்பகுதியை முடித்திருக்கும். பிள்ளை பள்ளி பஸ்ஸுக்காகக் கீழே நிற்கிற காலை ஏழு, ஏழரை மணிக்கு நம் வீட்டில் யாரும் புகை போடுவதில்லை.

பினாங்குக்கும் டிங்கிக்கும் நீண்ட உறவு. இந்த நாட்டில் டிங்கியைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவு 1902-இல் இந்தத் தீவிலிருந்துதான் வந்தது. இரத்தக் கசிவோடு வரும் கடுமையான டிங்கி மலேசியாவில் முதன்முதலாகப் பதிவானதும் இங்கேதான், 1962-இல். இப்போது அது நாடு முழுக்கப் பரவிவிட்டது. 2019-இல் நாட்டில் 1,30,101 பேருக்கு டிங்கி வந்து 182 பேர் இறந்தார்கள். கோவிட் அடைப்புக் காலத்தில் இறங்கிய எண்ணிக்கை 2023-இல் மீண்டும் 1,23,133-க்கு ஏறியது. அந்த ஆண்டு இறந்தவர்கள் 100 பேர். வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும் ஏடிஸ் ஈஜிப்தி, தோட்டத்திலும் புதரிலும் திரியும் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்று இரண்டு இனங்கள் இதைப் பரப்புகின்றன.

அடுத்து, செடி ஏன் கொசுவை விரட்ட வேண்டும்? நமக்காக இல்லை. தன்னைத் தின்ன வரும் பூச்சிகளிடமிருந்து தப்பிக்கத்தான் செடி இந்த இரசாயனங்களைச் செய்து வைத்துக்கொள்கிறது. ‘செராய் வாங்கி’ (மலாயில் ‘மணக்கும் செராய்’) என்று நாம் சொல்லும் சிட்ரோனெல்லாப் புல்லில் சிட்ரோனெல்லால், ஜெரானியால் இருக்கின்றன. கிராம்பில் யூஜெனால், வேம்பில் அசாடிராக்டின். இவற்றில் வாசனை எண்ணெய்கள் இலைக்குள் நுண்ணிய பைகளில் அடைபட்டிருக்கும். இலையைக் கசக்கினாலோ, வெட்டினாலோ, கொதிக்க வைத்து வடித்தாலோதான் வெளியே வரும். அதனால் வாசலில் ஒரு தொட்டியில் செராய் வாங்கியை நட்டுவைத்துவிட்டுக் கொசு வராது என்று இருப்பதில் பயனில்லை. நர்சரிகளில் ‘கொசு விரட்டும் செடி’ என்று விற்கப்படும் ஜெரேனியம் வகைச் செடியைச் சோதித்தவர்கள், அதன் இலை மேலேயே கொசுக்கள் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறார்கள். சாக்கடை ஓரத்தில் அடர்ந்து வளர்ந்த செராய்ப் புதர், பகல் வெயிலுக்கு ஒதுங்க நிழல் தேடும் அல்போபிக்டஸுக்கு நல்ல இடம்கூட ஆகலாம். நொச்சிக்கும் இதே கதைதான். சென்னை மாநகராட்சி ஒரு சமயம் நொச்சிக் கன்றுகளை வீடுகளுக்கு வழங்கியது. நொச்சியின் நெருங்கிய உறவான லெமுனியை இங்கே மலாய்க்காரர்கள் சோற்றில் சேர்த்துச் சமைக்கிறார்கள். இரண்டும் அருமையான மூலிகைகள்தான். ஆனால் மரத்திலேயே இருக்கிற இலை கொசுவுக்குத் தடையாக நிற்பதில்லை.

சரி, வடித்தெடுத்த எண்ணெய் எப்படி? இங்கேதான் நேரம் என்ற கேள்வி வருகிறது. பெண் கொசு நம்மைத் தேடி வருவது நம் மூச்சுக்காற்றில் உள்ள கரியமில வாயுவையும், வியர்வையில் உள்ள லாக்டிக் அமிலத்தையும், உடல் சூட்டையும் பிடித்துக்கொண்டு. சிட்ரோனெல்லா எண்ணெயின் நெடி அதன் உணர்கொம்பில் உள்ள வாசனை ஏற்பிகளைத் தாக்கி அந்தத் தடத்தைக் குழப்புகிறது. வேலை செய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நெடியைக் கொடுக்கும் அதே குணம்தான் அதன் பலவீனமும். சீக்கிரம் ஆவியாகிறது, அதனால் வாசனை வருகிறது. சீக்கிரம் ஆவியாகிறது, அதனால் தீர்ந்தும் போகிறது. 2002-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் வந்த சோதனையில், தன்னார்வலர்கள் ஏடிஸ் ஈஜிப்தி நிறைந்த கூண்டுக்குள் கையை விட்டார்கள். டீட் என்ற செயற்கைக் கொசு விரட்டி 23.8 விழுக்காடு கலந்த மருந்து சராசரியாக 301 நிமிடம் காத்தது. சோயா எண்ணெய் கலந்த ஒன்று 94 நிமிடம். சிட்ரோனெல்லா கலந்தவை எல்லாம் 20 நிமிடத்துக்குள் கைவிட்டன. கையில் மாட்டும் விரட்டி வளையல்கள் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அந்த வளையல்களை இன்னமும் பேரங்காடிகளில் பச்சைப் பிள்ளைகளின் கையில் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு கஷ்டம். சூடும் வியர்வையும் ஆவியாவதை இன்னும் வேகப்படுத்தும். அதனால் செராய் ஸ்பிரேயைக் காலையில் ஒரு முறை அடித்துவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், பள்ளிச் சபை கூடும்போதே அது போயிருக்கும்.

ஆனால் ஆவியாவதைத் தாமதப்படுத்த முடியும். தாய்லாந்து ஆய்வாளர்கள் 2001-இல் மஞ்சள், கஃபிர் எலுமிச்சை, சிட்ரோனெல்லா, ஒரு வகைத் துளசி ஆகியவற்றின் எண்ணெய்களில் 5 விழுக்காடு வெனிலின் கலந்து பார்த்தார்கள். ஐஸ்கிரீமில் மணக்கும் அதே வெனிலின்தான். பெரிய கூண்டு அறையில் நடந்த சோதனையில் அவற்றில் சில எட்டு மணி நேரம் வரை கொசுவைத் தள்ளி வைத்தன. அதே நாட்டில் 2005-இல் 38 வாசனை எண்ணெய்களை ஒப்பிட்டபோது எதுவும் கலக்காத கிராம்பு எண்ணெய் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் தாங்கி முதலிடம் பிடித்தது. கலக்காத சிட்ரோனெல்லாவும் பட்சௌலியும் இரண்டு மணி நேரம். பினாங்குக்காரனாக இதைப் படித்தபோது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பாலேக் பூலாவ் கிராம்பு ஒரு காலத்தில் உலகச் சந்தையில் பேர் பெற்றது. வாசனைத் திரவியக்காரர்கள் தேடி வந்த பட்சௌலி இலையும் பினாங்குத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. அந்தப் பெயரே பச்சிலை என்பதோடு தொடர்புடைய தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று அகராதிகள் சொல்கின்றன. ஆனால் கலக்காத கிராம்பு எண்ணெயை யாரும் தோலில் தேய்த்துக்கொள்ளக் கூடாது, எரிந்து புண்ணாகும். கஃபிர் எலுமிச்சை போன்ற எலுமிச்சை இனத்துச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனாலும் தோல் கருகிக் கொப்பளிக்கும். எட்டு மணி நேரமும் நான்கு மணி நேரமும் ஆய்வுக்கூடக் கணக்கு. அதைத் தோலுக்குப் பொருந்தும் மருந்தாக்குவது தனி உழைப்பு.

தோலில் பூசும் தாவர மருந்துகளில் அந்த உழைப்பைத் தாண்டி வந்த ஒன்று உண்டு: எலுமிச்சை வாசனை யூகலிப்டஸ். 1960-களில் சீனாவில் கொசு விரட்டும் செடிகளை வரிசையாகச் சோதித்தபோது, இந்த மரத்தின் எண்ணெயை வடித்த பிறகு எஞ்சும் கழிவு, எண்ணெயைவிட அதிக நேரம் கொசுவைத் தள்ளி வைப்பதைக் கவனித்தார்கள். அதில் இருந்த பொருளுக்குப் பி.எம்.டி. என்று சுருக்கப் பெயர். அது எளிதில் ஆவியாவதில்லை. குறைந்த அளவு டீட் தரும் பாதுகாப்புக்கு ஈடு கொடுக்கிறது என்பதால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைக்கும் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் கடையில் வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். நம் வீட்டில் சளிக்குத் தேய்க்கும் யூகலிப்டஸ் தைலம் வேறு மரத்திலிருந்து வருவது. எலுமிச்சை யூகலிப்டஸ் மரத்தின் வாசனை எண்ணெயிலும் பி.எம்.டி. மிகக் கொஞ்சம்தான் இருக்கும். தயாரிக்கும்போது அதைக் கூட்டுகிறார்கள். போத்தலில் பி.எம்.டி. அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

இப்போது வேம்புக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நமக்கு வேம்பு வெறும் மரம் இல்லை. மாரியம்மன் கோயில் வாசலில் நிற்பது, அம்மை போட்ட வீட்டில் செருகுவது, தீமிதிக்குக் கையில் ஏந்துவது. அந்த நம்பிக்கைக்கு அறிவியலிலும் இடம் இருக்கிறது. வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் மிகச் சிக்கலான மூலக்கூறு. கேம்பிரிட்ஜில் ஒரு குழு அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்க 22 ஆண்டுகள் உழைத்து 2007-இல்தான் வெற்றி கண்டது. கொசுப்புழு நான்கு முறை தோலுரித்து வளரும். அந்தத் தோலுரிப்பை நடத்தும் ஹார்மோனை அசாடிராக்டின் குலைக்கிறது. புழு உடனே சாவதில்லை, உரிக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறது, கூட்டுப்புழுவாகாமலே முடிந்துபோகிறது. இது நரம்பைத் தாக்கும் விஷம் போன்றதில்லை. அதனால் நரம்பு மருந்துகளுக்குப் பழகிவிட்ட கொசுவிடமும் இது செல்லும். என் பார்வையில் வேம்பின் உண்மையான இடம் தண்ணீரில்தான், தோலில் இல்லை.

ஆனால் தண்ணீரில் வேப்பிலையைப் போட்டால் போதும் என்று இதற்கு அர்த்தமில்லை. அசாடிராக்டின் மிகுதியாக இருப்பது கொட்டையில், இலையில் குறைவு. சோதனைகளில் பயன்படுத்துவது முறையாகப் பிரித்தெடுத்து, நீரில் கலக்கும்படி செய்து, அளவு குறித்த சாறு. ஒரு பிடி இலையை வாளியில் போட்டால் இரண்டு நாளில் அது அழுகத் தொடங்கும். இலை ஊறிய தண்ணீர் முட்டையிட இடம் தேடும் பெண் கொசுவை ஈர்க்கவே செய்யும், அழுகிய இலையில் வளரும் நுண்ணுயிர்கள் புழுவுக்கு உணவாகும். முட்டைப் பொறி வைக்கும் ஆய்வாளர்கள் வைக்கோல் ஊறிய நீரை அதில் ஊற்றுவது இதனால்தான். இன்னொன்று, அசாடிராக்டின் வெயிலில் சில நாட்களில் சிதைந்துவிடும். மண்ணுக்கு அது நல்ல செய்தி. ஆனால் மழை பெய்யும் ஊரில் மொட்டைமாடித் தொட்டிக்குத் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும்.

தோலில் பூசுவது பற்றிய கணக்கும் சுவாரசியமானது. 1993-இல் இந்தியாவில் கிராமங்களில் நடந்த ஆய்வில் தேங்காயெண்ணெயில் 2 விழுக்காடு வேப்பெண்ணெய் கலந்து பூசியவர்களை அனோபிலிஸ் கொசு 12 மணி நேரம் கடிக்கவில்லை. இந்தச் செய்திதான் பல விளம்பரங்களில் சுற்றுகிறது. ஆனால் அது இரவில் வரும் மலேரியாக் கொசு. பின்னால் வேப்பங்களிம்பைச் சோதித்தபோது அனோபிலிஸிடம் அதிகமாகவும், கியூலெக்ஸிடம் சற்றுக் குறைவாகவும், ஏடிஸிடம் மூன்றிலும் குறைவாகவும் பலன் தெரிந்தது. லெபோ பாசார் அக்காவின் கேள்விக்கு நேரான பதில் இதில்தான் இருக்கிறது. வேப்பெண்ணெய் ஏடிஸை ஓரளவு தள்ளும். அதை மட்டும் நம்பி டிங்கி உள்ள கட்டடத்தில் பிள்ளையை வைத்திருக்க முடியாது. தேங்காயெண்ணெய் தனியாகவும் போதாது. அமெரிக்க வேளாண் ஆய்வாளர்கள் 2018-இல் தேங்காயெண்ணெயிலிருந்து பெற்ற கொழுப்பு அமிலங்கள் பூச்சிகளை நெடுநேரம் விரட்டுவதைக் காட்டினார்கள். கூடவே தேங்காயெண்ணெய் அப்படியே பூசினால் அந்தப் பலன் கிடைக்காது என்றும் சொன்னார்கள்.

இனி நான் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று. ‘இயற்கைதானே, பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாது’ என்ற வார்த்தை நம் சமூகத்தில் ஏற்கெனவே பச்சைக் குழந்தைகளைப் பாதித்திருக்கிறது. கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவர்கள் சின்னையாவும் பாஸ்கரனும் 1981-இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மருந்தென்று வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்போடு வந்து, கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்ட கதை அது. ரேய் நோய்க்குறி என்று மருத்துவர்கள் சொல்லும் கொடிய நிலையைப் போன்றது. அந்தத் தாய்மார்கள் நம் தாய்மார்கள்தான், பாசத்தோடு கொடுத்ததுதான். கொசுவுக்காக வாங்கிய போத்தலும் அதே எண்ணெய்தான். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், வாய்க்குள் ஒரு சொட்டும் வேண்டாம். கற்பூரத்துக்கும் இது பொருந்தும். ஒரு சிறு துண்டை விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கற்பூரம் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கற்பூரம் கரைந்து காற்றில் போய்விடும். மறந்துபோன கிண்ணத்துத் தண்ணீர் மட்டும் அங்கேயே இருக்கும், ஏடிஸுக்கு அது போதும்.

செடியிலிருந்து வந்த மருந்து வலுவானதாகவும் இருக்கலாம், கொடியதாகவும் இருக்கலாம் என்பதற்கு மலாயாவின் சொந்த உதாரணம் தூபா வேர். ஆற்றில் மீனை மயக்கிப் பிடிக்கப் பழங்குடிகள் பயன்படுத்திய கொடி அது. அதிலுள்ள ரோட்டெனோனுக்காக உலகப் போருக்கு முன் இங்கே பயிரிட்டுப் பூச்சிமருந்தாக ஏற்றுமதி செய்தார்கள். முழுக்க முழுக்க இயற்கை. மீன் வளர்க்கும் குளத்தில் ஊற்றினால் கொசுப்புழுவோடு அதைத் தின்னும் மீனும் செத்துப்போகும்.

இதற்கு எதிர்முனையில் பைரித்ரம் நிற்கிறது. சாமந்தி இனத்துப் பூ ஒன்றைக் காயவைத்துப் பொடித்தது அது. ஜப்பானின் எய்ச்சிரோ உயேயாமா அதை ஊதுபத்தியாகத் திரித்தபோது 40 நிமிடத்தில் எரிந்து தீர்ந்தது. சுருளாகச் சுற்றினால் நீண்ட நேரம் எரியும் என்ற யோசனையை 1895-இல் அவர் மனைவி யூகி தந்தார். கொசுவத்திச் சுருள் அப்படிப் பிறந்தது. செடியைச் சார்ந்த கொசு மருந்துகளில் உலகம் முழுக்கப் போன பெரிய வெற்றி அதுதான். ஆனால் 1949-இல் அலெத்ரின் என்ற செயற்கை வடிவம் வந்தபின் பூ மெல்ல விலகிவிட்டது. இன்று கடையில் வாங்கும் சுருள்களில் பொதுவாக இருப்பது அந்த வம்சத்துச் செயற்கை மருந்துகள். மலேசியச் சுருள்களையும் சேர்த்து 2003-இல் நடந்த ஆய்வு ஒன்று, ஒரு சுருள் எரியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கணக்கிட்டது. மூடிய அறையில் ஆஸ்துமா உள்ள பிள்ளையோடு அதை எரிப்பதை யோசித்துப் பாருங்கள். செடியோ செயற்கையோ, புகை புகைதான். சாம்பிராணிக்கும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பைரித்ரத்துக்கு இன்னொரு பாடமும் உண்டு. மலேசிய ஏடிஸ் கொசுக்களில் இந்தக் குடும்ப மருந்துகளுக்கு எதிர்ப்பு வந்துவிட்டது. மருந்து போய் ஒட்டும் நரம்பு வாயிலில் மரபணு மாற்றம் கொண்ட கொசுக்கள் இங்கே பிடிபட்டிருக்கின்றன. பூவிலிருந்து எடுத்ததானாலும் ஆலையில் செய்ததானாலும் அந்த மருந்து ஒட்டும் இடம் ஒன்றுதான், எனவே கொசு இரண்டையும் சேர்த்தே தாங்கிக்கொள்கிறது. புகை லோரி வந்து தெரு முழுக்க அடித்துவிட்டுப் போன மறுநாளும் கொசு கடிக்கிறது என்று மக்கள் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். புகை பறக்கும் கொசுவை மட்டும் தொடும், தண்ணீரில் இருக்கும் புழுவையும் சுவரில் ஒட்டிய முட்டையையும் தொடாது என்பது மற்றொரு காரணம். செடி எண்ணெய்கள் மீது ஆய்வாளர்களுக்கு ஆர்வம் வந்தது இங்கிருந்துதான். ஒரே மூலக்கூறாக இல்லாமல் பத்து, இருபது பொருள்கள் கலந்திருப்பதால் கொசு பழகுவது கடினம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

அப்படியென்றால் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் இருந்தும் கடையில் நல்ல தாவர மருந்து ஏன் இத்தனை குறைவு? நம் மின்டென் வளாகத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வுப் பிரிவு இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்யும் இடம் அது. அதுபோன்ற ஆய்வுக்கூடங்களில் ஒரு சாற்றைச் சோதிக்கும் முறை எளிதானது: கிண்ணத்துத் தண்ணீரில் இருபது, இருபத்தைந்து புழுக்களை விட்டு, சாற்றை வெவ்வேறு அளவில் ஊற்றி, 24 மணி நேரத்தில் பாதிப் புழுக்கள் சாக எவ்வளவு தேவை என்று பார்ப்பார்கள். இந்தக் கட்டத்தைப் பல செடிகள் தாண்டிவிடும். அதற்கப்புறம்தான் உண்மையான தடைகள். கெடாவில் பறித்த இலையும் ஜொகூரில் பறித்த இலையும் ஒரே அளவு எண்ணெய் தருவதில்லை, மழைக்காலமும் வெயில் காலமும் வேறுபடும். எண்ணெய் தண்ணீரில் கலக்காது, மேலே மிதந்து ஆவியாகும். அதற்காகக் குழம்பாக்குவது, நுண்குமிழ்களில் அடைப்பது என்று முயல்கிறார்கள். ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குத் தேவையான அளவை எடுக்க எவ்வளவு இலை வேண்டும் என்று கணக்குப் போட்டால் அபேட் என்ற செயற்கைப் புழுக்கொல்லிதான் மலிவாக நிற்கும். கூடவே மீன், தேனீ, மனிதத் தோல் எல்லாவற்றிலும் சோதித்துப் பதிவு வாங்க வேண்டும். மலேசியாவில் கொசுச் சுருள், ஸ்பிரே போன்ற வீட்டுப் பூச்சிமருந்துகள் பூச்சிக்கொல்லி வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும். எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் பதிவு எண் போத்தலில் இருக்கும். ‘நூறு விழுக்காடு இயற்கை’ என்று பெரிய எழுத்தில் போட்டு, பதிவு எண்ணும் இல்லாமல், எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு என்றும் எழுதாமல் இருக்கும் போத்தலை நான் வாங்கமாட்டேன்.

இன்னொரு விஷயம், இயற்கையிலிருந்து வந்த புழுக்கொல்லிகளில் இன்றைக்கு மிகச் சிறப்பாக வேலை செய்வது ஒரு செடியே இல்லை. 1976-இல் இஸ்ரேலின் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டெடுத்த பி.டி.ஐ. என்ற மண் பாக்டீரியா அது. கொசுப்புழு அதைத் தின்றால் குடல் கிழிந்து சாகும், மீனுக்கும் மனிதனுக்கும் கெடுதல் இல்லை. மலேசியாவிலும் பயன்பாட்டில் இருக்கிறது. தாவரம்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தைவிட, எது தண்ணீரில் புழுவை மட்டும் குறிவைக்கிறது என்று பார்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்கு இதில் இன்னும் ஒன்று இருக்கிறது. விரட்டி என்பது விரட்டி மட்டுமே. நம் வீட்டில் செராய் எண்ணெய் மணந்தால் கொசு நடைபாதையில் பறந்து அடுத்த வீட்டுக் கதவைத் தேடும். அங்கே காய்ச்சலில் படுத்திருப்பவரைக் கடித்துவிட்டு நம் வீட்டு ஜன்னலுக்கே திரும்பியும் வரலாம். ஆகவே கூட்டுத் துப்புரவு நாளில் எல்லா வீடும் கதவைத் திறந்தால்தான் பலன். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி, கொசுப்புழு வளரும் இடத்தை வைத்திருப்பவருக்கு அபராதம் உண்டு. அபராதத்துக்குப் பயந்து முன்வாசலை மட்டும் கூட்டுகிறோம். பின்பக்கக் குளியலறையும், சாமி மேடைக்குக் கீழே இருக்கிற சொம்பும் அப்படியே கிடக்கின்றன. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தைப்பூசத்துக்குத் தெருவில் உடைத்த தேங்காய் ஓட்டில் ஒன்று சாக்கடை ஓரமாகத் தங்கிவிட்டாலும் கணக்கு அதேதான்.

கடையிலிருந்து வெளியே வந்ததும் அந்த அக்காவிடம் பேசினேன். காலையில் பள்ளி பஸ்ஸுக்குப் போகும்போது டீட் அல்லது பிகாரிடின் அளவு எழுதிய, பதிவு எண் உள்ள ஒன்றைப் பூசுங்கள் என்றேன். பிகாரிடின் மிளகில் உள்ள காரப்பொருளின் அமைப்பைப் பார்த்துச் செய்ததுதான் என்றதும் சிரித்தார். வேப்பெண்ணெயை வைத்துக்கொள்ளலாம், மாலையில் பெரியவர்கள் கீழே உட்கார்ந்து பேசும் நேரத்துக்குத் தேங்காயெண்ணெயில் கொஞ்சம் கலந்து பூசலாம், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் தடவ வேண்டும், பிள்ளை வாயருகே வேண்டாம் என்றும் சொன்னேன். அப்புறம் வீட்டில் எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டேன். எங்கேயும் இல்லை என்றார்.

இரண்டு வாரம் கழித்து அதே தெருவில் பார்த்தபோது அவரே வந்து சொன்னார். ஹாலில் போத்தல் தண்ணீரில் வளர்த்த மணி பிளாண்டிலும், ஐஸ்பெட்டிக்குப் பின்னால் சொட்டு விழும் தட்டிலும் புழு நெளிந்துகொண்டு இருந்ததாம். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்றிவிட்டார். போத்தலை உள்ளே தேய்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கண்ணாடியில் கறுப்புப் புள்ளியாக ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு கிடக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வீட்டுக்குப் போனதும் பிரஷ் போட்டு உள்சுவரைத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, செடியை மண் தொட்டிக்கு மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.